சிவப்பு மை

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். என் நெருங்கிய சிநேகிதரின் மகள். கல்லூரிப் படிப்பின் நடுவிலே, மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின்கீழ் ஓராண்டு படித்துவர ஜப்பானுக்குப் போனாள். போகுமுன் எல்லார் வீட்டுக்கும் வந்து சொல்லிக்கொண்டு போனவள், ஆறு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்ததும் மறுபடி எல்லார் வீட்டுக்கும் வந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் பச்சைத் தேயிலைப் பொட்டலம். மறு கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"பாஷை வந்துவிட்டதா, அம்மா?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேட்கிறீங்க, மாமா!" என்று சொல்லி, நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

பார்த்தேன். நீல மையில் அவள் எழுதியிருந்ததைக் காட்டிலும், அதன் மேலும் கீழும் ஓரத்திலும் சிவப்பு மையில் வேறொருவர் எழுதியிருந்தது அதிகம். பக்கத்துக்குப் பக்கம் இதே கோலம்.

"வகுப்பிலே பல தேசத்துப் பிள்ளைகள் இருக்கோம். எங்க ஆசிரியை மற்றவங்க நோட்டிலே நாலு கோடு போட்டு விட்டுடறாங்க. என் நோட்டை மட்டும் இப்படி ரணகளமாக்கிடறாங்க. நான் என்ன அவ்வளவு மக்கா?"

அவள் மக்கு அல்ல. நமக்கு ஜப்பானிய மொழியின் வாக்கிய அமைப்பு அப்படி ஒன்றும் அந்நியமானதும் அல்ல. 'ஹொன் ஓ யொமு' என்றால் 'புத்தகத்தைப் படிக்கிறேன்.' 'ஹொன்' புத்தகம், 'ஓ' நம்முடைய 'ஐ' உருபு, 'யொமு' படிப்பது. நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கிறார்கள். நம்மைப் போலவே உருபைச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். நம் 'உம்' செய்கிற வேலையைக்கூட அங்கே 'மோ' என்ற ஒரு சிறு சொல் செய்துவிடுகிறது. இடறுகிற இடம் வேறு. முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை என்று நாம் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டிருக்கிறோம். ஜப்பானியரோ அந்த இடத்திலே 'வா' என்று ஒன்று, 'கா' என்று ஒன்று, ஆக இரண்டு வைத்திருக்கிறார்கள். எங்கே எது வரும் என்பது அவர்களுடைய குழந்தைக்குத் தெரியும். நம்முடைய பட்டதாரிக்குத் தெரியாது. அவளுடைய நோட்டில் சிந்தியிருந்த சிவப்பு மையில் பாதி இந்த இரண்டு எழுத்துக்காகத்தான்.

நோட்டை மூடி அவளிடம் கொடுத்துவிட்டு, இதே போல இன்னொரு நோட்டு உண்டு என்று சொல்லி, அந்த வரலாற்றை ஆரம்பித்தேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

*

1894-ஆம் ஆண்டில் ஜப்பானும் சீனாவும் கொரியாவை முன்னிட்டுப் போரிட்டன. மறு வருஷமே போர் முடிந்தது. சின்னஞ்சிறு ஜப்பான் ஜெயித்தது. மாபெரும் சீனா தோற்றது. ஷிமொனொசெகி நகரில் எழுதிக்கொண்ட உடன்படிக்கையின்படி சீனா தைவான் தீவைக் கொடுத்தது. அதோடு 20 கோடி டேல் எடை வெள்ளியை நஷ்டஈடாகவும் ஒப்புக்கொண்டது. டேல் என்பது சீனர்களின் எடைக் கணக்கு. ஏறக்குறைய நம்முடைய மூன்று தோலாவுக்குச் சமம்.

தோற்ற வீட்டுக்காரன் என்ன செய்வான்? கதவைச் சாத்திக்கொண்டு அழுவான். அல்லது பழிவாங்கக் கத்தி தீட்டுவான். சீன சர்க்கார் செய்தது இரண்டும் அல்ல. 1896-ஆம் ஆண்டில் பதின்மூன்று இளைஞர்களைப் பொறுக்கி எடுத்து, தன்னை அடித்தவனிடமே பாடம் படித்துவர அனுப்பியது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஜப்பான்தான் சீனாவிடம் எழுத்தும் சாஸ்திரமும் கற்றுவந்தது. இப்போது குரு வீட்டுப் பிள்ளைகள் சிஷ்யன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பதின்மூன்று பேரையும் பொறுப்பேற்றுக்கொண்டவர் கானோ ஜிகோரோ என்ற கல்விமான். ஜூடோ என்று இன்று உலகமெல்லாம் பயிலும் மல்வித்தையை வகுத்தவர் இவரே. ஒரு வீட்டை அமர்த்தி, அவர்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால் சில வாரங்களுக்குள்ளேயே அவர்களில் சிலர் மூட்டை கட்டிவிட்டார்கள். ஒரு காரணம் சாப்பாடு. எண்ணெயும் இறைச்சியுமாகச் சாப்பிட்ட நாக்குக்கு ஜப்பானியச் சமையல் இறங்கவில்லை. இன்னொரு காரணம் தலைமயிர்.

மஞ்சு அரசர்களின் ஆட்சியில், சீன ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் முன்தலையைச் சிரைத்துப் பின்னால் நீளச் சடை தொங்கவிட வேண்டும். சடையை அறுப்பது ராஜத் துரோகம். டோக்கியோ வீதியில் அவர்கள் நடந்தால் சிறுவர்கள் பின்னாலேயே ஓடிவந்து பட்டப்பெயர் வைத்துக் கூவினார்கள். நம் பாட்டனார்கள் காலத்தில் குடுமியை எடுப்பதா, வைத்திருப்பதா என்று வீட்டுக்கு வீடு நடந்த சண்டைகளைக் கேட்டிருக்கிறவர்களுக்கு, தலைமயிர் எவ்வளவு பெரிய அரசியல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனினும் ஓட்டம் நிற்கவில்லை. 1898-இல் ஜாங் ஜிடோங் என்ற பெரிய மாகாண அதிகாரி, படிக்க ஐரோப்பாவுக்குப் போவதைவிட ஜப்பானுக்குப் போவதே மேல் என்று ஒரு நூலில் வாதாடினார். பக்கத்து நாடு, செலவு குறைவு, மேல்நாட்டுப் புத்தகங்களில் வேண்டியதை அவர்களே பொறுக்கி மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள், எழுத்தும் பாதி நம்முடைய எழுத்துதான், சுலபமாகப் படித்துவிடலாம் என்பது அவர் கட்சி.

சுலபம் என்ற இந்த எண்ணத்தை லியாங் சிசாவ் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். சீர்திருத்த முயற்சி தோற்று 1898-இல் ஜப்பானுக்கு ஓடிவந்த பெரிய பத்திரிகாசிரியர் அவர். ஜப்பானிய நூலைச் சீனர் விரைவாகப் படிக்க ஒரு கையேடு எழுதினார். சீன மொழி 'படிக்கிறேன் புத்தகம்' என்று சொல்லும். ஜப்பானிய மொழி நம்மைப் போல 'புத்தகம் படிக்கிறேன்' என்று சொல்லும். ஆகவே வரியில் உள்ள சீன எழுத்துக்களை மட்டும் பார். வரிசையைத் தலைகீழாகத் திருப்பிக்கொள். நடுவிலே உள்ள சின்ன எழுத்துக்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. சில நாளில் படிக்க வந்துவிடும்! என் சிநேகிதரின் மகள் இதைக் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தாள். அவளை வதைக்கிற 'வா'வும் 'கா'வும் அந்தச் சின்ன எழுத்துக்கள்தாமே!

1905-இல் சீனா பழைய அரசாங்கப் பரீட்சை முறையை ஒழித்தது. உத்தியோகத்துக்கு இருந்த பழைய வழி அடைபட்டதும் கூட்டம் ஜப்பானுக்குத் திரும்பிற்று. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஜப்பானில் சீன மாணவர்கள் ஏறக்குறைய 8,000 பேர் இருந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். மிகப் பலர் சேர்ந்தது சில மாதங்களில் முடிகிற அவசரப் படிப்பு. ஜப்பானிய ஆசிரியர் பேசுவார், துபாஷி ஒருவர் நின்று சீனத்தில் சொல்லுவார், மாணவர் எழுதிக்கொள்வார். ஊர் திரும்பும்போது சான்றிதழ் இருக்கும், பாஷை இருக்காது.

ஆனாலும் அவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. மேல்நாட்டுக் கருத்துக்களுக்காக ஜப்பானியர் சீன எழுத்துக்களைச் சேர்த்துப் புதுச் சொற்கள் ஆக்கியிருந்தார்கள். பழைய சீனச் சொற்களுக்குப் புதுப் பொருளும் ஏற்றியிருந்தார்கள். தத்துவம் என்பதற்கு ஒரு சொல். சமூகம் என்பதற்கு ஒரு சொல். பொருளாதாரம், டெலிபோன், புரட்சி எல்லாவற்றுக்கும் சொற்கள். அவற்றை இந்த மாணவர்கள் பெட்டியிலே போட்டுக்கொண்டு போனார்கள். இன்று சீனர்கள் தம் சொந்தச் சொற்களாகவே அவற்றை வழங்குகிறார்கள்.

*

இந்தக் கூட்டத்தில் ஒருவராக 1902-ஆம் ஆண்டு வசந்தத்தில் டோக்கியோவில் வந்து இறங்கினார் சௌ ஷூரென் என்ற இருபது வயது இளைஞர். பிற்காலத்தில் லூ சுன் என்ற புனைபெயரில் நவீன சீன இலக்கியத்தின் பிதாமகர் ஆனவர். ஷாவ்ஷிங் என்ற ஊரில் பெரிய குடும்பம். பாட்டனார் பரீட்சை லஞ்ச வழக்கில் சிறைப்பட்டார்; தகப்பனார் நோயில் விழுந்தார். வீட்டுச் சாமானை அடகுக் கடையில் வைத்து, அந்தக் காசைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் கொடுப்பது சிறுவனின் தினசரி வேலை. நாட்டு வைத்தியர்கள் கிடைக்காத சரக்குகளாகக் கேட்டுக் கேட்டு வாங்கினார்களே தவிர, நோய் தீரவில்லை. 1896-இல் தகப்பனார் இறந்தார். தாம் மேல்நாட்டு வைத்தியம் படிக்க வேண்டும், தகப்பனாரைப் போன்றவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் மனத்தில் ஊன்றிக்கொண்டது.

நான்கிங்கில் சுரங்கப் பள்ளி ஒன்றில் படித்துத் தேறி, சர்க்கார் செலவில் ஜப்பானுக்கு வந்தவர், கானோ ஜிகோரோ நடத்திய கோபுன் கல்விக்கூடத்தில் இரண்டு வருஷம் ஜப்பானிய மொழி பயின்றார். குறுக்கு வழியை அவர் நம்பவில்லை. 1903-இல் சடையை அறுத்தார். அதே ஆண்டில் ஜூல்ஸ் வெர்னின் சந்திரப் பிரயாணக் கதையை, ஜப்பானிய மொழிபெயர்ப்பிலிருந்து சீனத்தில் ஆக்கினார். பிரெஞ்சுக் கதை ஜப்பானியக் கதவு வழியாகச் சீனத்துக்குள் வந்தது.

டோக்கியோவில் தம் நாட்டு மாணவர்களிடையே இருப்பது அவருக்கு அலுத்துவிட்டது. சடையைச் சுருட்டித் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு பூப்பார்க்கப் போவதும், மாணவர் விடுதியில் தரை அதிர நடனம் பழகுவதுமாக இருந்தவர்களைப் பற்றிப் பிற்பாடு கேலியாக எழுதியிருக்கிறார். சீனரே இல்லாத இடமாகத் தேடி, வடகிழக்கே குளிர் மிகுந்த ஸெண்டாய் நகரின் மருத்துவப் பள்ளியில் 1904 செப்டம்பரில் சேர்ந்தார். அந்தப் பள்ளியில் சீன மாணவர் அவர் ஒருவரே. சம்பளம் வாங்கமாட்டோம் என்று பள்ளி சொல்லிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகை அவர் வரவைச் செய்தியாகப் போட்டது.

அங்கேதான் புஜினோ கென்குரோவைச் சந்தித்தார்.

புஜினோவுக்கு அப்போது முப்பது வயது. உடற்கூறு சாஸ்திரம் சொல்லிக்கொடுத்த இருவரில் ஒருவர். உடையில் கவனமே இல்லாத மனிதர். ரயிலில் அவரைப் பார்த்த யாரோ ஜேப்படிக்காரன் என்று சந்தேகப்பட்டதாக மாணவர்களிடையே ஒரு கதை உலவியதாம். வகுப்பு தொடங்கிச் சில நாளில் அவர் சீன மாணவரைக் கூப்பிட்டு, "நான் சொல்வதை எழுதிக்கொள்ள முடிகிறதா?" என்று விசாரித்தார். ஓரளவு முடிகிறது என்றார் இவர். நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு மூன்று நாளில் நோட்டு திரும்பி வந்தது. இவர் திகைத்துப் போனார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் சிவப்பு மையால் திருத்தப்பட்டிருந்தது. விட்டுப்போன பாடம் சேர்க்கப்பட்டிருந்தது மட்டுமல்ல. ஜப்பானிய மொழியின் இலக்கணப் பிழைகளும் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்டிருந்தன. இப்படியே வாரா வாரம், அவருடைய பாடம் முடிகிற வரையில் நடந்தது.

ஒரு முறை கையின் ரத்தக் குழாய் ஒன்றை மாணவர் கொஞ்சம் இடம் மாற்றி வரைந்திருந்தார். அப்படி வரைந்தால் படம் அழகாக இருக்கிறது என்பது அவர் எண்ணம். ஆசிரியர் கூப்பிட்டு, உள்ளதை உள்ள இடத்தில்தான் வரைய வேண்டும், அழகுக்காக உடம்பை மாற்ற முடியாது என்று சாந்தமாகச் சொன்னார். மாணவர் தலையசைத்துவிட்டு, மனத்துக்குள் தம் படமே நல்ல படம் என்று பிடிவாதம் பிடித்தார். கதாசிரியனாக ஆகப்போகிறவனுடைய லட்சணம் அப்போதே தெரிந்துவிட்டது!

புஜினோ குற்றமற்ற தெய்வம் என்று நான் சொல்ல வரவில்லை. சீனப் பெண்களின் பாதங்களைக் கட்டிக் குறுக்குகிறார்களாமே, எலும்பு எந்த விதமாக வளைகிறது என்று அவர் ஒரு நாள் இவரிடம் கேட்டார். விஞ்ஞானியின் கேள்விதான். கேட்கப்பட்டவருக்கோ கூசிப்போயிற்று. ஆனால் கேலிக்குக் கேட்கிறவனுக்கும், தெரிந்துகொள்ளக் கேட்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இவருக்குத் தெரிந்திருந்தது.

ஆண்டு முடிவில் பரீட்சை முடிவுகள் வந்தன. 142 பேரில் சீன மாணவர் 68-ஆவது. சராசரி 65.5. முதல் தரம் அல்ல. ஆயினும் அன்னிய மொழியில் எழுதித் தேறியவருக்கு அது பெரிய காரியம். சக மாணவர் சிலருக்கு அது பொறுக்கவில்லை. புஜினோ நோட்டைத் திருத்துகிற சாக்கில் கேள்விகளை அடையாளம் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று கிளப்பிவிட்டார்கள். மனந்திருந்தச் சொல்லிக் கையெழுத்தில்லாக் கடிதம் ஒன்றும் வந்தது. சீனன் பலவீனமான தேசத்தவன். ஆகையால் அவன் சொந்தப் புத்தியால் தேறியிருக்க முடியாது. அவர்களுடைய தர்க்கம் இவ்வளவுதான்.

அந்த மதிப்பெண் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்கு ஓர் அதிசயம் காத்திருந்தது. தேறுவதற்கு வேண்டியது 60. எல்லாப் பாடத்திலும் 60-ஐ எட்டிய அந்த மாணவர் ஒரே ஒரு பாடத்தில் மட்டும் 59.3 வாங்கித் தவறியிருக்கிறார். அது உடற்கூறு சாஸ்திரம், புஜினோவின் பாடம்!

வாரா வாரம் கண் நோகத் திருத்திய ஆசிரியரின் பாடத்தில், கருணை என்று ஒரு புள்ளி கூடச் சேரவில்லை. இதைப் படித்தபோது என் உடம்பு சிலிர்த்தது. இரக்கப்பட்டு மதிப்பெண் போடுகிறவன், 'உன்னால் இவ்வளவுதான் முடியும்' என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறான். பிழையைக் காட்டுகிறவனோ, 'உன்னால் இதற்குமேல் முடியும்' என்கிறான்.

*

இந்த வரலாறு இதோடு முடிந்திருந்தால் நல்லாசிரியர் கதை என்று பாடப்புத்தகத்தில் சேர்த்துவிடலாம். ஆனால் அது 1904, 1905. ஜப்பானும் ருஷ்யாவும் போரிட்டுக்கொண்டிருந்த காலம். 1905-இல் ஜப்பான் வென்றது. ஆசியாவின் சிறு தேசம் ஒன்று ஐரோப்பிய வல்லரசை மண்ணைக் கவ்வவைத்தது என்று நம் தேசமே புளகாங்கிதம் அடைந்தது. சிறுவனாக இருந்த தாம் அந்த வெற்றிச் செய்திகளில் கிளர்ந்து, ஜப்பானைப் பற்றிப் புத்தகங்களாக வாங்கிப் படித்ததை நேரு சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாம் கைதட்டியபோது ஒன்றை மறந்துவிட்டோம். அந்தப் போரின் பெரும் பகுதி நடந்தது ஜப்பான் மண்ணிலும் அல்ல, ருஷ்ய மண்ணிலும் அல்ல, சீனாவின் மஞ்சூரியாவில்.

ஸெண்டாயில் இரண்டாம் ஆண்டு. கிருமி சாஸ்திர வகுப்பில் மாஜிக் லாந்தரில் கிருமிகளின் படங்களைக் காட்டுவார்கள். பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டால் மிச்சப் பொழுதுக்குப் போர்ப் படங்கள். ஒரு படத்தில், ருஷ்யர்களுக்கு உளவு சொன்னதாக ஒரு சீனனுக்கு ஜப்பானியப் படையினர் மரண தண்டனை நிறைவேற்றுகிறார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்களும் சீனர்கள். வகுப்பு ஜயகோஷம் போட்டது. அந்த அறையில் மௌனமாக இருந்த சீனர் ஒருவரே.

அந்தப் பள்ளியில் பயன்பட்ட போர்ப் படத் தகடுகள் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டன. சில தொலைந்துபோயின, கிடைத்தவற்றில் இந்தக் காட்சி இல்லை. அவர் பார்த்தது தொலைந்துபோன படமா, பத்திரிகையில் கண்டதும் சேர்ந்து மனத்தில் உருவான படமா என்று ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கிறார்கள். விவாதிக்கட்டும். என்னைத் தொடுகிறது வேறொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த ஜயகோஷம் அவர் காதில் வெறும் இரைச்சலாக விழுந்திருக்கும். கையெழுத்தில்லாக் கடிதம் வெறும் கிறுக்கலாக இருந்திருக்கும். இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இலக்கணச் சுத்தமாகப் புரிந்தது. புஜினோவின் சிவப்பு மை, மாணவருக்குப் பாடத்தை மட்டும் விளங்கவைக்கவில்லை, அவமானத்தையும் விளங்கவைத்துவிட்டது.

ஒரு பாஷையைக் கற்கிறவன் அந்த வீட்டுக் கதவு ஒன்றைத் திறக்கிறான். உள்ளே விருந்து நடக்கலாம். தன்னைப் பற்றிய ஏச்சும் நடக்கலாம். ஒன்று மட்டும் காதில் விழ வேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

உடம்பு நன்றாயிருந்து என்ன பயன், மனம் இப்படி மரத்திருக்கும்போது என்று அந்த இளைஞர் நினைத்தார். மாற்ற வேண்டியது மனத்தை; அதற்குக் கருவி இலக்கியம் என்று முடிவு செய்தார். 1906 மார்ச்சில் ஸெண்டாயை விட்டுக் கிளம்பினார். புஜினோவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, அவர் முகம் வாடியதைப் பார்த்து ஒரு பொய் சொன்னார்: "உயிர் நூல் படிக்கப் போகிறேன், நீங்கள் கற்பித்தது அதற்கு உதவும்." புஜினோ தம் புகைப்படம் ஒன்றைக் கொடுத்தார். அதன் பின்புறம், பிரிவுக்கு வருந்துவதாகப் பொருள்படும் இரண்டே எழுத்து. கடிதம் எழுது, உன் படமும் அனுப்பு என்று கேட்டுக்கொண்டார்.

மாணவர் எழுதவில்லை.

முதலில், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லையே என்று எழுதவில்லை. உண்மையும் அதுதான். டோக்கியோவில் தம்பியோடு சேர்ந்து 1909-இல் அன்னிய நாட்டுக் கதைகளை மொழிபெயர்த்து இரண்டு தொகுதி வெளியிட்டார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது பிரதிகளே விற்றன. பிறகு, இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது எப்படி எழுதுவது என்று எழுதவில்லை. வருஷங்கள் போகப் போகப் பேனா கனத்துவிட்டது.

இந்த இடத்தில் நான் அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் ஒரு தமிழ்ப் பண்டிதர் இருந்தார். என் கட்டுரை நோட்டில் ஒற்று மிகும் இடமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டவர். என் முதல் நாவல் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று எடுத்து வைத்தேன். பிழை இருக்குமே என்ற பயத்தில் நாளை, மறுநாள் என்று தள்ளினேன். அவர் காலமான செய்திதான் முதலில் வந்தது. அந்தப் பிரதி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

*

1918-இல் ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு வடிவில் எழுதிய கதையோடு லூ சுன் என்ற பெயர் சீனமெங்கும் பரவியது. பீகிங்கில் அவர் எழுதுகிற மேஜைக்கு எதிர்ச் சுவரில் புஜினோவின் படம் தொங்கியது. இரவில் களைத்துப்போய்ப் படுக்க நினைக்கும்போது அந்த முகம் கண்ணில் படும். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு மறுபடி எழுத உட்காருவாராம். 1926-இல் 'புஜினோ ஆசிரியர்' என்ற கட்டுரையில் இதையெல்லாம் எழுதினார். சிவப்பு மை நோட்டுக்களை மூன்று கட்டாகத் தைத்துப் பத்திரப்படுத்தியதாகவும், வீடு மாறியபோது புத்தகப் பெட்டியோடு அவை தொலைந்துவிட்டதாகவும் அதில் வருந்தியிருக்கிறார்.

1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. 1932-இல் ஷாங்காயில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அப்போது ஷாங்காயில் இருந்த லூ சுன் குடும்பத்தோடு அடைக்கலம் புகுந்த இடம், உச்சியாமா கான்ஸோ என்ற ஜப்பானியரின் புத்தகக் கடை! 1935-இல் அவருடைய எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்து ஜப்பானிய மொழியில் வெளியிட முனைந்தபோது, எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், 'புஜினோ ஆசிரிய'ரை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதைப் படித்தாவது ஆசிரியர் இருக்கும் இடம் தெரியாதா என்ற நப்பாசை.

தெரியவில்லை. 1936 அக்டோபர் 18-ஆம் தேதி விடியற்காலையில் மூச்சுத் திணறல் கண்டது. உச்சியாமாவுக்கு ஒரு சீட்டு எழுதினார். தாம் சொன்னபடி வர இயலாது, வைத்தியருக்கு உடனே டெலிபோன் செய்யுங்கள் என்று. அதுவே அவர் கையால் எழுதிய கடைசி எழுத்து. அது ஜப்பானிய மொழியில் இருக்கிறது. வைத்தியப் படிப்பை உதறி வந்தவர், வைத்தியரை அழைக்க, புஜினோ திருத்திக்கொடுத்த பாஷையில் எழுதினார். மறுநாள் காலமானார்.

புஜினோ எங்கே இருந்தார்? 1915-இல், ஸெண்டாய்ப் பள்ளி ஏகாதிபத்திய சர்வகலாசாலையோடு சேர்ந்தபோது, உயர்ந்த பட்டம் இல்லாத அவருக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. சொந்த ஜில்லாவான புகுயிக்குத் திரும்பி, கிராமத்து வைத்தியராக இருந்தார். மாணவர் இறந்த பிறகுதான் பத்திரிகைக்காரர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். 1937-இல் அவருடைய நினைவுக் குறிப்பு வெளிவந்தது. தாம் செய்ததை அதில் அவர் பெரிதாகச் சொல்லவில்லை. அந்த மாணவருக்கு ஜப்பானிய மொழி போதாமல் இருந்தது, வகுப்பு முடிந்ததும் இருந்து நோட்டைப் பார்த்துக் கொடுத்தேன் என்கிறார். சிறு வயதில் தாம் சீன நூல்களைக் கற்றவர். அந்த நாட்டுச் சான்றோரிடம் பக்தி உண்டு. ஆகையால் அந்த நாட்டிலிருந்து வந்தவரையும் மரியாதையாக நடத்த வேண்டும் என்று நினைத்தாராம். சுவரில் மாட்டிய புகைப்படத்தை எப்போது கொடுத்தோம் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை!

அந்தக் குறிப்பு வந்த சில மாதங்களில், 1937 ஜூலையில், இரு தேசங்களுக்கும் இடையே முழுப் போர் மூண்டது. புஜினோ 1945 ஆகஸ்டு 11-இல் இறந்தார். நான்கு நாள் கழித்து ஜப்பான் சரணடைந்தது.

தொலைந்த நோட்டுக்கள் தொலையவில்லை. 1951-இல் ஷாவ்ஷிங்கில் ஆறு கட்டாக அகப்பட்டன. பீகிங்கில் லூ சுன் காட்சிசாலையில் அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எழுதியவரும் இல்லை, திருத்தியவரும் இல்லை. மாணவரின் கறுப்பு வரிகளுக்கு நடுவே சிவப்பு மை இன்னும் இருக்கிறது.

*

என் சிநேகிதரின் மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தேநீர் ஆறிவிட்டது.

"கடைசி வரைக்கும் அவர் ஒரு கடிதம்கூடப் போடலியா, மாமா?"

"இல்லை, அம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டைப் பிரித்து, ஏதோ ஒரு பக்கத்தில் ஓரமாக இருந்த சிவப்பு வரிகளை விரலால் தொட்டுப் படித்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது, "எல்லாம் சரி மாமா, 'வா' எங்கே வரும், 'கா' எங்கே வரும்னு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடலே" என்றாள்.

"அதை அந்த அம்மாளுக்கே எழுதிக் கேளேன்" என்றேன்.

"பிழையா எழுதிடுவேனே!"

"எழுது" என்றேன்.